சொட்டாத ஜாயிண்ட்

ராஜபாளையத்தில் தவசிமுத்து நூல் சுற்றிய குழாயில் தண்ணீர் சொட்டியது என்று யாராவது சொன்னால், அவர் வேறு ஏதோ தவசிமுத்துவைச் சொல்கிறார் என்று அர்த்தம். பஞ்சாலையில் பைப் ஃபிட்டர் வேலை. நீராவிக் குழாயோ தண்ணீர்க் குழாயோ, நுனியிலுள்ள திருகு மரையில் பருத்தி நூலை இறுக்கிச் சுற்றி, வெள்ளைப் பெயிண்டைக் குழைத்து அப்பி, ஸ்பேனரால் ஒரு முக்கு முக்கித் திருகுவார். பிறகு, "இனி இது சொட்டுனா என்னையக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நடப்பார். யாரும் கூப்பிட்டது கிடையாது. அந்த நடையில் கொஞ்சம் திமிர் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் மனைவி இசக்கியம்மாளின் கட்சி. வேலை தெரிந்த மனுசனுக்கு இல்லாத திமிர் வேறு யாருக்கு வேண்டிக்கிடக்கிறது?

அந்தத் திமிரில் அவளுக்கும் பங்கு உண்டு. அதே மில்லில் ரீலிங் பிரிவில் நூல் சுற்றுகிறவள் அவள். ஃபிட்டர்களுக்கென்று ஒதுக்கும் கழிவு நூலில் நல்ல முறுக்கானதாகப் பார்த்துப் பொறுக்கி, சிக்கெடுத்து, கைக்கு அடக்கமாகச் சுற்றி அவரிடம் கொடுப்பது அவள்தான். "என் நூலு, உங்க சுத்து. பொறவு எங்கிட்டுக் கசியும்?" என்பாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் அவளைப் பாராட்டிய விதம் அந்தச் சிரிப்புதான். வாய்திறந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

எண்பத்தேழாம் வருசம் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. சாதாரணக் கார் இல்லை. மேலே கூரை இல்லாத, மூக்கு நீண்ட, பெரிய சீமைக் கார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி; பெயரெழுத்தெல்லாம் உதிர்ந்துபோய்விட்டதால் எந்தக் கம்பெனி என்று யாருக்கும் நிச்சயமில்லை. மில் முதலாளி வீட்டில் ஓடி, ஓய்ந்து, பஞ்சு குடோனில் கிடந்ததைப் பழைய இரும்புக்காரன் தூக்கிப்போகும் நேரத்தில் தவசிமுத்து கேட்டு வாங்கி வந்துவிட்டார். மில் கூலிக்கு எதுக்குலே காரு என்று தெருவே சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷிப்ட் முடிந்து வந்ததும் காருக்கடியில் படுத்துவிடுவார். தண்ணீர்க் குழாய், பெட்ரோல் குழாய், வயர், பிரேக் எல்லாவற்றையும் பிரித்துப் புதுப்பித்து, இஞ்சினுக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து, வெளியே மருதாணிச் சிவப்பில் பூச்சு கொடுத்து நிறுத்தியபோது, சிரித்த தெரு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தது.

அவர் அந்தக் காரை வாங்கியது ஒரே ஒரு காரியத்துக்கு. மகள் அழகுத்தாயின் கல்யாண ஊர்வலத்தை அதில் நடத்த வேண்டும். தானே ஓட்ட வேண்டும்.

அழகுத்தாய்க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா மலைச்சாமி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். டைனமோ கட்டுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று பேர். அதை முதலில் சொல்லுகிறவரும் அவர்தான். நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"சம்பந்தி, பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நாலு ரத வீதியும் நடை வேகத்துல போவணும். பழைய வண்டிக தாங்காது, கொதிச்சு நின்னுபோயிரும். பேசாம நான் ஒரு கான்டெஸ்ஸா சொல்லிருதேன்."

"ஊர்வலக் காரு பொண்ணு வீட்டுப் பொறுப்பு. எங்க வண்டி நிக்காது" என்றார் தவசிமுத்து.

மலைச்சாமியின் அக்கா வெள்ளைத்தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். "நிக்காட்டிச் சரிதான். மருமவ வாசப்படி மிதிக்க வாரப்ப வண்டி நின்னுச்சுன்னா ஊரு என்ன சொல்லும்? நான் ஒண்ணும் சொல்லல, ஊரு சொல்லும்" என்றாள்.

ஊர் என்ன சொல்லும் என்று இசக்கியம்மாளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அவள் கல்யாணத்தன்று அவளை ஏற்றி வந்த மாட்டுவண்டி செட்டியார்பட்டிக்குப் பக்கத்தில் அச்சு முறிந்து உட்கார்ந்துவிட்டது. பட்டுச்சேலையோடு இறங்கி நடந்தே வந்து சேர்ந்தாள். அன்றைக்கு அவள் மாமியார் வைத்த பேர், "வரும்போதே அச்சு முறிஞ்சவ". பால் திரிந்தால் அச்சு முறிஞ்சவ. மாடு சினை பிடிக்காவிட்டால் அச்சு முறிஞ்சவ. மழை தள்ளிப்போனதுக்கும் அவள்தான். கிழவி கண்ணை மூடுகிறவரை அந்தப் பேர் போகவில்லை. அப்படி ஒரு பேரைத் தன் மகள் தலையில் வெள்ளைத்தாய் கட்டிவிடக் கூடாது. இசக்கியம்மாளுக்குக் கல்யாணத்தில் இருந்த கவலை அது ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம், வெள்ளோட்டமாக அய்யனார் கோவிலுக்குக் கிளம்பினார்கள். தவசிமுத்து ஓட்ட, இசக்கியம்மாள் முன்னால், அழகுத்தாய் பின்னால் ராணி மாதிரி. வழியில் பார்த்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். மலையடிவாரம் நெருங்கும்போது காரின் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பி, வண்டி நின்றுபோனது. ரேடியேட்டர் மூடியைத் துணிபோட்டுத் திறந்தால் கொதிதண்ணி ஆளுயரத்துக்கு எகிறியது.

தவசிமுத்து தண்ணீரைப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஹீட் மீட்டரைத்தான் பார்த்தார். இஞ்சின் சூடு ஏற ஏற, அதன் முள் வலது பக்கத்துச் சிவப்புக் கோட்டை நோக்கி நகர வேண்டும். அதுவோ இடது கோடியில், குளிரில் சுருண்டு படுத்தது போல, அசையாமல் கிடந்தது.

"முள்ளு மட்டும் சொல்லியிருந்தா முன்னாலயே வெரசா விட்டுக் காத்து வாங்கியிருப்பேன். நின்னிருக்கவே நின்னிருக்காது" என்றார். முகம் செத்துப்போயிருந்தது. "கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுத மாதிரில்லா இருக்கு."

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். இருந்தாலும் ரத வீதியில் நடை வேகத்தில் போகும்போது சூடு ஏறத்தான் செய்யும். எப்போது ஏறுகிறது என்று தெரிந்தால் சமாளிக்கலாம். ஆக, முள் உயிர்த்தெழ வேண்டும்.

முதலாளி வீட்டில் அந்தக் காரை முன்பு ஓட்டிய காதரைப் போய்க் கேட்டார்கள். "என் காலத்துல முள்ளு சாமி மாதிரி நின்னு பேசும் தவசி. ஹீட் பல்பு இருக்குத எடத்துல ஒரு சொட்டு ரெண்டு சொட்டு தண்ணி கசியும், அம்புட்டுத்தான். மத்தபடி ஒரு கொறையும் சொல்ல ஏலாது" என்றார் காதர்.

ஹீட் பல்பு என்றால் எரிகிற பல்பு அல்ல. இஞ்சினில் தண்ணீர் ஓடும் இடத்தில் மரை போட்டுத் திருகியிருக்கும் கட்டைவிரல் பருமன் பித்தளைக் குமிழ். தண்ணீர்ச் சூட்டை மோந்து பார்த்து, ஒரு வயர் வழியாக முள்ளுக்குச் சொல்லுவது அதன் வேலை. "கசிவெல்லாம் இப்பக் கெடையாது. வந்த முதல் நாளே நூல் சுத்தி அடைச்சிட்டேன்" என்று தவசிமுத்து பெருமையாகச் சொன்னார். காதரும் தலையாட்டினார். இசக்கியம்மாளும்தான் பக்கத்தில் நின்றாள், அவளுக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் சோறு குழம்பெல்லாம் இரண்டாம்பட்சம். முதலில் பல்பிலிருந்து வயரைக் கழற்றி, அதன் நுனியை இஞ்சின் இரும்பில் தொட்டார் தவசிமுத்து. முள் படாரென்று வலது கோடிக்குத் துள்ளியது. ஆக முள்ளும் நல்லது, வயரும் நல்லது. கெட்டது பல்பாகத்தான் இருக்க வேண்டும்.

பல்பைக் கழற்றினார். நீள வயர் ஒன்றை ஒட்டுப்போட்டு வாசலிலிருந்து அடுப்படிவரை இழுத்து வந்து, இசக்கியம்மாள் வெந்நீர் கொதிக்கவைத்திருந்த செம்புப் பானைக்குள் பல்பைத் தொங்கவிட்டார். "ஏட்டி, ஆடாமப் பிடி" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, "ஏலே, முள்ளு ஏறுதா?" என்று வாசலில் நிற்கும் தெருக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். ஏறவில்லை. இன்னும் விறகைத் தள்ளினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது, அவளுக்கு வேர்த்து ஊற்றியது, முள்ளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"செத்துப்போச்சு" என்று பல்புக்குச் சாவுச் சீட்டு எழுதிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினார். கடை கடையாக அலைந்து, அதே மரையில் புதுப் பல்பு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். இசக்கியம்மாள் தன் கையாலேயே நல்ல நூலாக எடுத்துக் கொடுத்தாள். சுற்றினார், பெயிண்ட் அப்பினார், முக்கித் திருகினார். இஞ்சின் சூடாகி வாசலெல்லாம் அனலடித்தது. முள் படுத்தபடியே கிடந்தது.

"மதுரக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். மறுபடி மதுரை, மறுபடி ஒரு பல்பு, மறுபடி நூல். அதுவும் அப்படியே. மூன்று பல்பும் செத்ததென்றால் யார் நம்புவார்கள்?

"என்னங்க, நம்ம சம்பந்தி அண்ணாச்சி இதே வேலைதான பாக்காக? அவியகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் இசக்கியம்மாள்.

அவர் ஸ்பேனரைக் கீழே போட்டார். "எங்க வண்டி நிக்காதுன்னு சவடால் விட்டுட்டு, இப்ப அவருகிட்டயே போயி கார் சரியில்லன்னு நிக்கச் சொல்லுதியா? அந்த வெள்ளைத்தாய்க்கு அவலாப் போயிரும். ஒரு வார்த்தை வெளிய போவக் கூடாது, சொல்லிட்டேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளைக்குச் சட்டை அளவு வாங்க அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். மாப்பிள்ளை வேலை விசயமாக வெளியே போயிருந்தான். "செத்த நேரத்துல வந்துருவான், உக்காரு தங்கச்சி" என்று மலைச்சாமி முக்காலியைத் தள்ளிவிட்டு, கடைப் பையனை அனுப்பிப் பால்கோவா வாங்கிவரச் சொன்னார். மடியில் ஒரு டைனமோவின் செம்புக் கம்பிச் சுருள். அதன்மேல் வெள்ளை நாடா ஒன்றை இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இசக்கியம்மாளின் கண் அந்த நாடாவிலேயே நின்றது. நூலைப் பார்த்தால் அவள் கண் தானாக நிற்கும். அசல் பருத்தி, நெசவும் நெருக்கம். சுற்றும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் ஒருத்தர் சுற்றுவதைப் போலவே இருந்தது.

"அண்ணாச்சி, கரண்டு வேலைக்கு எதுக்கு நூல் நாடா?"

தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் மலைச்சாமிக்கு வேறு பால்கோவா வேண்டாம். "கரண்டு இருக்குல்ல, அது கள்ளப்பய. எங்கன இரும்பு தொட்டாலும் அங்கன பாஞ்சு ஓடிருவான். நூலைச் சுத்திட்டா தாண்ட மாட்டான். நூலுக்கு மேல வார்னிஷோ பெயிண்டோ அடிச்சிட்டா செவரு வச்ச மாதிரி. நான் சுத்துன நாடாவைத் தாண்டி ஒரு பொட்டுக் கரண்டு போனதா சொல்லச் சொல்லு பாப்போம்."

"அப்ப காருல முள்ளுக்கு, லைட்டுக்கெல்லாம் ஒத்த வயருதான போவுது? வீட்டு லைட்டுக்கு ரெண்டு வயருல்லா?"

"நல்லாக் கேட்ட. போறதுக்கு வயரு, திரும்புறதுக்குக் காரோட இரும்பு. இஞ்சின்ல திருகியிருக்குத சாமான் எல்லாம் இரும்பைத் தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் கரண்டு சுத்தி வரும். தொடலேன்னா சாமான் புதுசா இருந்தாலும் பொணந்தான்."

இசக்கியம்மாள் கையிலிருந்த பால்கோவா இலை அப்படியே நின்றது. பல்புக்கும் இஞ்சினுக்கும் நடுவில் அவள் நூல், அதன்மேல் அவர் பெயிண்ட். சொட்டுத் தண்ணீர் தாண்டாத சுவர். கரண்டும் தாண்டாத சுவர். செம்புப் பானையில் தொங்கவிட்டபோதும் பல்பு இரும்பைத் தொட்டிருக்கவில்லை. காதர் காலத்தில் கசிந்தது, முள்ளும் பேசியது. கசிவை அடைத்தார்கள், முள்ளும் செத்தது. உட்கார்ந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"என்ன தங்கச்சி, புரை ஏறிருச்சா?"

"இனிப்பு தூக்கல் அண்ணாச்சி" என்று தண்ணீரை வாங்கிக் குடித்தாள். சட்டை அளவை வாங்கினாளோ இல்லையோ, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் அடுத்த கவலை. இதை அந்த மனுசனிடம் எப்படிச் சொல்வது? ஒரு ஊரே மெச்சும் கைவேலையைப் போய், அதனால்தான் எல்லாம் கெட்டது என்று சொன்னால் அவர் சாப்பிடுவாரா, தூங்குவாரா? வாசலில் இறங்கியபோது அவர் வழக்கம்போல காரின் மூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த நூல் சரியில்லங்க" என்றாள்.

"எந்த நூலு?"

"நான் குடுத்த நூலு. உங்க சுத்துல ஒண்ணும் தப்பில்ல. நூலைத்தான் அங்கன வச்சிருக்கக் கூடாது." மலைச்சாமி சொன்னதையெல்லாம் ஒரு வரி விடாமல் சொன்னாள். காரைப் பற்றி மூச்சு விடவில்லை என்பதையும் சொன்னாள்.

தவசிமுத்துவின் முகம் இறுகியது. "நூல் சுத்தாம ஜாயிண்ட் போடுதவன் ஃபிட்டரா?" என்றார். ஆனாலும் ஸ்பேனரை எடுத்துப் பல்பைக் கழற்றினார். மரையிலிருந்த நூலைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். எடுக்கும்போது தன் தோலை உரிப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டார். இஞ்சின் ஓட்டையில் அப்பியிருந்த பெயிண்டையும் பளிச்சென்று சுரண்டினார். ஒரு செப்பு வாசரை மட்டும் போட்டு, வெறும் மரையாகத் திருகி, இஞ்சினை ஓடவிட்டார்.

இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். முள் லேசாக நடுங்கியது. பிறகு மெல்ல, கல்யாணப் பெண் மாதிரி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நடுக்கோட்டுக்கு வந்து நின்றது. செத்தது என்று மூலையில் எறிந்திருந்த பழைய பல்பை மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் அதே மாதிரி பேசியது. பாவம், அது சாகவே இல்லை.

இசக்கியம்மாள் கைதட்டிவிட்டாள். அவர் கைதட்டவில்லை. இஞ்சின் பக்கம் குனிந்து பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். பழைய இஞ்சின், தேய்ந்த மரை. செப்பு வாசரை மீறிப் பல்பின் அடியில் ஒரு சொட்டுத் திரண்டு, ஊசலாடி, கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"சொட்டுது" என்றார். தவசிமுத்து வாயிலிருந்து அந்தச் சொல் அவர் வேலையைப் பற்றி வந்தது அதுதான் முதல் தடவை. எப்படித் திருகியும் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு நாளும் இல்லை.

ஊர்வலத்தன்று சாயங்காலம் மருதாணிச் சிவப்புக் கார் மல்லிகைச் சரத்தில் முங்கி, மண்டப வாசலில் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. கான்டெஸ்ஸாவைப் பற்றி யாரும் பேசவில்லை. பின்சீட்டில் மாப்பிள்ளை சுந்தரபாண்டியனும் அழகுத்தாயும். ஸ்டீயரிங்கில் தவசிமுத்து. முன்சீட்டில் இசக்கியம்மாள் ஏறி உட்கார்ந்ததும் பெண்டுகள் மத்தியில் முணுமுணுப்பு. பெண்ணைப் பெற்றவள் முன்சீட்டில் உட்காருவது எந்த ஊர் வழக்கம்? "நான் சொல்லித்தான் உக்காந்திருக்கா" என்று தவசிமுத்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கூட்டத்தைப் பார்க்க அவருக்குக் கண் வேண்டும்; முள்ளைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும்.

இரண்டு வீதிகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவது வீதி முக்கில் நாயனக்காரர் நின்றுவிட்டார். கூட்டம் சுற்றிக்கொண்டு, இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று கேட்க, அவரும் கண்ணை மூடி ஊதிக்கொண்டேயிருந்தார். கார் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. முள் நடுக்கோட்டைத் தாண்டியது.

"ஏறுதுங்க" என்றாள் இசக்கியம்மாள், உதடு அசையாமல்.

"எம்புட்டு?"

"முக்காவாசி."

"இஞ்சினை அணைச்சா சூட்டுல திரும்ப எடுக்காது. காத்து வேணும். கூட்டம் நகந்தாத்தான்." அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பின்னால் வெள்ளைத்தாய் கைகளைக் கட்டிக்கொண்டு, காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இசக்கியம்மாளுக்குச் செட்டியார்பட்டி ரோடும் முறிந்த அச்சும் கண்முன்னால் வந்தன. திரும்பி மகளைப் பார்த்தாள். ஒன்றும் அறியாமல் தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள் அந்தப் பிள்ளை.

அவ்வளவுதான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே குதித்தாள். நேரே மலைச்சாமியிடம் போனாள். "அண்ணாச்சி, நல்ல நேரம் முடியப் போவுது. இன்னும் செத்த நேரத்துல பிள்ளைக வாசப்படி மிதிக்கணும். நின்னு பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கீகளே!"

நல்ல நேரம் என்ற சொல்லைக் கேட்டபின் அதை யார் சரிபார்ப்பார்கள்? மலைச்சாமி பதறிப்போய் நாயனக்காரரைத் தள்ளாத குறையாகத் தள்ளினார். ரீலிங் பிரிவிலிருந்து வந்திருந்த இசக்கியம்மாளின் கூட்டாளிகள், காரணம் தெரியாமலே அவள் கண்ஜாடைக்குக் குலவை போட்டுக்கொண்டு முன்னால் வேகமெடுத்தார்கள். தவில்காரர் ஓட்டமும் நடையுமாக அடித்தார். வீதி திறந்தது. தவசிமுத்து இரண்டாவது கியருக்கு மாற்றினார். ஓடிவந்து ஏறிக்கொண்ட இசக்கியம்மாள் மூச்சிரைக்க முள்ளைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டைத் தொடப்போன முள் தயங்கியது. நின்றது. மெல்லப் பின்வாங்கியது.

"எறங்குது" என்றாள். "எறங்குதுங்க!" அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை வரவில்லை.

இஞ்சின் ஒரு தடவைகூட அணையாமல், உறுமிக்கொண்டு, கார் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்தது. எல்லோருக்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு. ஆலத்தித் தட்டோடு வெள்ளைத்தாய் முன்னால் வந்தாள். மலைச்சாமி தொழில்காரர் அல்லவா, நேரே மீட்டரைத்தான் எட்டிப் பார்த்தார். நடுக்கோட்டில் முள் கம்பீரமாக நின்றது. அடுத்து வண்டிக்கு அடியில் குனிந்தார்.

"சம்பந்தி, இஞ்சின்ல தண்ணி சொட்டுதே! உங்க கைவேலையில சொட்டே விழாதுன்னு ஊரே சொல்லும்?"

ஓஸ் பைப்பு பழசு, ரேடியேட்டர் பழசு என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடட்டும் என்று இசக்கியம்மாள் மனசுக்குள் அவருக்காக வேண்டிக்கொண்டாள்.

தவசிமுத்து காரைவிட்டு இறங்கி, மீசையை ஒருதரம் தடவிக்கொண்டார். "சொட்டும் சம்பந்தி. சொட்டத்தான் செய்யும். அந்த எடத்துல நூல் சுத்துனா முள்ளு செத்துப்போவும். மூணு பல்பு மாட்டிப் பாத்தும் எனக்கு வெளங்கல. வெளங்குனது இவளுக்கு." கையை நீட்டி இசக்கியம்மாளைக் காட்டினார். "ராஜபாளையத்துல எம்புட்டோ ஃபிட்டர் இருக்கான். எங்க வீட்டு ஃபிட்டர் இவதான்."

இத்தனை வருசம் மீசைக்குள் கிடந்தது, ஊர் நடுவில், சம்பந்தி வாசலில், இப்படி வந்து விழும் என்று அவள் நினைக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"உனக்கு எப்படித் தங்கச்சி தெரிஞ்சுச்சு?" என்றார் மலைச்சாமி.

"உங்க கடையிலதான் அண்ணாச்சி. பால்கோவா தின்னுக்கிட்டே படிச்சேன்."

மலைச்சாமி வாய்பிளந்து நின்றுவிட்டு, வீதி அதிரச் சிரித்தார். தன் கடையில் படித்த முதல் ஆள் சம்பந்தியம்மாள்தான் என்று அங்கேயே நாலு பேரிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளைத்தாய் சிரிக்கவில்லை. ஆலத்தித் தட்டைப் பிடித்தபடி வீதியைத் திரும்பிப் பார்த்தாள். கார் வந்த வழி நெடுக, புழுதியில், சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்து வாசல்வரை வந்திருந்தது. அவள் அதையே பார்த்தாள். அவள் வாயிலிருந்து வரப்போகிற சொல்லுக்காக இசக்கியம்மாளின் உடம்பெல்லாம் காதாகிவிட்டது.

"பாத்தீகளா" என்றாள் வெள்ளைத்தாய் கூட்டத்தைப் பார்த்து. "எங்க மருமவ வரும்போதே வீதிக்கெல்லாம் தண்ணி தெளிச்சுக்கிட்டு வந்திருக்கா!"

அழகுத்தாய் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

அந்தப் பேர் நிலைத்துவிட்டது. தொண்ணூறுகளில் பேரன் பேத்தியெல்லாம் ஆன பிறகும் அந்த வீட்டில் மழை பெய்தால், பசு கன்று ஈன்றால், கடைக்கு நல்ல வேலை வந்தால் வெள்ளைத்தாய் சொல்வாள்: "வரும்போதே தண்ணி தெளிச்சுக்கிட்டு வந்தவல்லா!" மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இசக்கியம்மாள் அதைக் கேட்பாள். கேட்டதும், காது சரியாகக் கேட்காதவள் போல, "என்ன மதினி சொன்னீக?" என்பாள். வெள்ளைத்தாய் இன்னொரு தரம் சொல்வாள்.